டேசாசிஸ்வாவில் கூட்டாளி பிடிப்பது

பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மாணவருக்குக் கூட்டாளி அமைவது பெரும்பாலும் கதவோரத்தில், படிக்கட்டில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில், டோபி மெஷின் முன்னால். மேடை போட்டு மைக் பிடித்து நடத்தும் அறிமுக நிகழ்ச்சிகளில் அமைவது குறைவு.

(நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு இது இனிக்காத செய்திதான். என்ன செய்வது!)

பினாங்கில் இதைப் பார்க்க நல்ல இடம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். எல்லோர் வாயிலும் அது யூ.எஸ்.எம்.தான். 1969-ல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கியது. 1971-ல் கெலுகோரில் பிரிட்டிஷ் ராணுவம் காலி செய்துவிட்டுப் போன மிண்டன் முகாமுக்குக் குடிபெயர்ந்தது. பட்டாளத்துக்காரர்கள் மேடான இடமாகப் பார்த்துப் பிடித்திருந்ததால், இன்றும் வகுப்புக்குப் போவதென்றால் ஏற்றம், இறக்கம், படிக்கட்டுதான்.

இங்கே விடுதிக்கு டேசாசிஸ்வா என்று பெயர். ரெஸ்து, சௌஜானா, தெக்குன், அமான் டாமாய், பக்தி பெர்மாய், ஃபாஜார் ஹராப்பான், சாஹாயா கெமிலாங், இண்டா கெம்பாரா என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் மூன்றையும் சேர்த்து ஆர்.எஸ்.டி. என்பது மாணவர் வழக்கம். பொறுப்பாளருக்குப் பெங்காவா என்று பெயர். அங்கே தங்கும் மாணவர்களே நடத்தும் குடியிருப்போர் மன்றம் ஒன்றும் உண்டு.

புது மாணவர்கள் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வந்து இறங்குகிறார்கள். சிலர் மெட்ரிகுலேஷனில் ஓராண்டு விடுதிச் சோறு சாப்பிட்டுத் தேறியவர்கள். சிலர் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) வரை அம்மா கையால் சாப்பிட்டவர்கள். முதல் வகையினருக்கு வாளி எங்கே, பிளக் பாயிண்ட் எங்கே என்பதுதான் கவலை. இரண்டாம் வகையினருக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வரும் என்பதே கவலை. உதவி என்று பேசும்போது மனதில் வைக்க வேண்டியவர்கள் இந்த இரண்டாம் வகையினர்தான்.

முதல் வாரம் அறிமுக வாரம். யூ.எஸ்.எம்.மில் மிங்கு சிஸ்வா லெஸ்தாரி என்ற பெயரில் இது நடந்து வந்திருக்கிறது. காலையில் வரிசை, பிறகு உரை, பிறகு இன்னொரு உரை, பல்கலைக்கழகப் பாட்டு, கைதட்டல், கோஷம். குழுவுக்கொரு ஃபாசி (வழிநடத்தும் சீனியரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்). வாரம் முடியும்போது வளாகம் கொஞ்சம் பழகியிருக்கும், தொண்டை கட்டியிருக்கும், வாட்சாப் குழுக்கள் வரிசையாகச் சேர்ந்திருக்கும். கூட்டாளி சேர்ந்திருப்பாரா என்பது சந்தேகமே. ஒரு வாரம் ஒன்றாகக் கத்தியவர்கள் மூன்றாம் வாரத்தில் எதிரெதிரே வந்தால், பெயர் மறந்துபோய், சும்மா தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

அறிமுக வாரம் வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. ஒழுங்கான அறிமுக வாரம் இருந்தால் ராகிங்குக்கு இடம் குறைகிறது. தமிழ்நாட்டில் 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு ஒரு சீனியரால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே அங்கே ராகிங் தடைச் சட்டம் வந்தது. இலங்கை 1998-ல் சட்டம் போட்டது. இந்தியா முழுமைக்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் விதிகள் கொண்டுவந்தது. ‘ராகிங் செய்தால்தான் சீனியரும் ஜூனியரும் நெருக்கமாவார்கள்’ என்ற பழைய வாதம் இன்னும் சில வாய்களில் உயிரோடு இருக்கிறது. பயத்தில் தொடங்கிய நெருக்கத்தை நட்புக் கணக்கில் எழுதுவது பொய்க்கணக்கு.

சரி, நட்பு உண்மையில் எங்கே பிறக்கிறது?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், திருமணமான மாணவர்கள் தங்கிய வெஸ்ட்கேட் குடியிருப்பை லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 1950-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அங்கே இரண்டு மாடிக் கட்டடங்கள், மாடிக்கு ஐந்து வீடுகள். ஒரே மாடியில் அடுத்த கதவுக்காரரை நண்பர் என்று சொன்னவர்கள் 41 விழுக்காடு. ஒரு கதவு தள்ளியிருந்தால் 22. வராந்தாவின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே வெறும் 10. படிக்கட்டின் அடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடியிலும் பழக்கம் அதிகம், ஏனென்றால் மேலே போகிறவர் அந்தக் கதவைக் கடந்துதான் போயாக வேண்டும். குணம், விருப்பம், ராசி எல்லாம் அப்புறம். முதலில் கதவு.

இரண்டாவது விஷயம் நேரம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரணக் கூட்டாளி ஆக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும். கூட்டாளி ஆக 90. நெருங்கிய கூட்டாளி ஆக 200-க்கு மேல். வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம் இதில் பெரிதாக உதவுவதில்லை. வெட்டியாகப் பேசியது, சேர்ந்து சாப்பிட்டது, சேர்ந்து சுற்றியது போன்றவைதான் உதவுகின்றன. மலேசியாவில் இதற்கு லெப்பாக் என்று பெயர், பெற்றோர் அகராதியில் கெட்ட வார்த்தை. முதல் செமஸ்டரில் மட்டும் அதற்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உதவி செய்கிறவர்களுடைய வேலை தெரிந்துவிடும். ஒரே ஆட்கள், ஒரே இடத்தில், திரும்பத் திரும்பச் சந்திக்க வழி செய்ய வேண்டும். அதற்குமேல் ஒன்றும் செய்யாமல் ஒதுங்கிவிட வேண்டும். (ஒதுங்குவதுதான் சீனியர்களுக்குக் கஷ்டமான பகுதி.)

அறையிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் ஓர் அறைக்கு இருவர். அறைத்தோழர் வேறு இனத்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. முதல் ராத்திரி இருவருமே அளவுக்கு மீறி மரியாதையாக இருப்பார்கள். ‘லைட்டை அணைக்கட்டுமா?’ ‘பரவாயில்ல, உன் இஷ்டம்.’ ‘ஃபேன் மூணுல இருக்கட்டுமா?’ ‘எதுன்னாலும் ஓகே.’ யாருக்கும் எதுவும் ஓகே இல்லை என்பது இரண்டாவது வாரத்தில் தெரியவரும். ஒருவருக்கு ஃபேன் ஐந்தில் ஓட வேண்டும், இன்னொருவருக்கு மூக்கு அடைக்கும். ஒருவர் அதிகாலைச் சுபூ தொழுகைக்கு வைக்கும் அலாரம் இன்னொருவரை எழுப்பும். இன்னொருவர் நள்ளிரவில் அம்மாவோடு ஸ்பீக்கர் போட்டுத் தமிழில் பேசுவது முதலாமவரைத் தூங்கவிடாது.

இதை ஃபாசி ஒருவர் முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். லைட் எத்தனை மணிக்கு, அலாரம் எத்தனை முறை அடிக்கலாம், யார் வந்து தங்கலாம், எந்தச் சாப்பாட்டை அறைக்குள் கொண்டுவரலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடலாம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் ஒருவரும் பன்றி இறைச்சி ஆகாதவர் ஒருவரும் ஒரே மேசையில் சாப்பிடப் போகிற அறையில் இதைப் பேசாமல் விடுவது மரியாதை ஆகாது, சோம்பல்தான். சாமி படத்தை அவரவர் பக்கத்து ஷெல்ஃபில் வைத்துக்கொள்ளலாம். சூடம் ஏற்றத் தீ பாதுகாப்பு விதி இடம் தராது, விபூதியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அறைத்தோழர் உயிர்த்தோழர் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது சினிமாத்தனம். நிம்மதியாகத் தூங்க முடிந்தால் அந்த உறவு பாஸ். கூட்டாளி அடுத்த அறையில் கிடைப்பார்.

அதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும். மாலை ஐந்திலிருந்து ஏழு வரை கதவைத் திறந்து, ஒரு செருப்பை அடியில் செருகி வைத்தாலே போதும். போகிறவர் எட்டிப் பார்ப்பார். ‘சாப்டியா?’ என்பார். இல்லையென்றால் அதையே மலாயில் ‘சுடா மாக்கான்?’ என்பார். அறிமுகம் அவ்வளவுதான். கதவைச் சாத்தி, ஹெட்போன் மாட்டி, கட்டிலில் படுத்து, ‘இங்க யாருமே பேசமாட்டேங்கிறாங்க’ என்று வீட்டுக்கு மெசேஜ் போடுகிறவரிடம் யாரும் பேச வழியில்லை.

டோபி மெஷின் இன்னும் நல்ல இடம். காசைப் போட்ட பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். துணியை விட்டுவிட்டுப் போனால் அடுத்து வருகிறவர் ஈரத்தோடு எடுத்து மேலே வைத்துவிடுவார் என்ற பயத்தில் பலரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். மெஷின் ஒன்று கெட்டுப்போயிருந்தால் இன்னும் விசேஷம், திட்டுவதற்குப் பொதுவான பொருள் கிடைத்துவிடும். முன்பின் தெரியாத இருவரை ஒரு கெட்டுப்போன மெஷின் சேர்த்துவைக்கும் வேகத்தில் எந்த ஐஸ் உடைக்கும் விளையாட்டும் சேர்த்துவைப்பதில்லை. விடுதி அலுவலகம் உதவ நினைத்தால் அங்கே நான்கு நாற்காலி போடட்டும். (மெஷினைச் சரிசெய்துவிட்டும் போடலாம்.)

அடுத்தது சாப்பாடு. பினாங்கில் இது ஒரு கொடுப்பினை. சுங்கை டுவா பக்கம் மாமாக் கடைகள் (தமிழ் முஸ்லிம் உணவுக் கடைகள்) இருக்கின்றன. ஒரு தே தாரிக் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை. நான்கு பேர் மேசையில் ஐந்தாவது ஆள் வந்தால் நாற்காலி இழுத்துப் போட இடம் உண்டு. பெரிய திரையில் பந்து ஓடிக்கொண்டிருப்பதால், பேச ஒன்றுமில்லாதவரும் திரையைப் பார்த்துக்கொண்டு சங்கடமில்லாமல் இருக்கலாம். ஜூனியரைக் கூட்டிப்போகும் சீனியர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரே ஆளைக் கூட்டிப்போகக் கூடாது, பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள் மூன்று பேராகக் கூட்டிப்போக வேண்டும். அடுத்த முறை சீனியர் வராவிட்டாலும் அந்த மூவரும் தாங்களாகவே போவார்கள்.

ஆனால் மாமாக் கடையைச் சர்வரோக நிவாரணியாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இரவு பதினொரு மணிக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போவது பெண்கள் விடுதியில் அத்தனை சுலபமில்லை. விடுதி மூடும் நேரம், திரும்பி வரும் வழி, வீட்டிலிருந்து வரும் போன் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். அங்கே கூட்டம் கூடுவது இஸ்திரி போடும் மேசையைச் சுற்றி, பாண்ட்ரியில் மெகிக்கு வெந்நீர் கொதிக்கும்போது, வராந்தாவில் தலை காயவைக்கும்போது. பெண்கள் விடுதிக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்கள் அந்தப் பாண்ட்ரியை இரவு முழுக்கத் திறந்து வைத்து, வெளிச்சமான விளக்கு போட்டால் ஆயிரம் விழாவுக்குச் சமம். (ரைஸ் குக்கரைப் பறிமுதல் செய்கிற விதி வேறு கதை. ஒளித்து வைத்த குக்கரைச் சுற்றி உருவான நட்புகள் பல வருஷம் நீடிப்பதாகக் கேள்வி.)

சங்கங்கள், மன்றங்கள், போட்டிகள் என்று வளாகத்தில் குறைவில்லை. மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களில் நடவடிக்கைகளுக்குப் புள்ளி உண்டு. அடுத்த ஆண்டு விடுதியில் இடம் கிடைக்க அந்தப் புள்ளியைப் பார்ப்பதும் பரவலான வழக்கம். இதனால் கூட்டம் வருகிறது, கூடவே ஒரு வியாதியும் வருகிறது: கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்துவிட்டு, வருகை பதிந்ததும் பின்கதவால் கிளம்பும் வியாதி. முந்நூறு பேர் பதிந்த நிகழ்ச்சியில் மேடையில் பேசுகிறவர் நாற்பது தலைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். புள்ளி சேரும், ஆள் சேரமாட்டார். முதலாண்டு மாணவருக்குப் பத்து சங்கத்தில் பெயர் கொடுப்பதைவிட, வாராவாரம் கூடுகிற ஒன்றில் சேர்வது நல்லது. சிலம்பமோ, உறுமி மேளமோ, பூப்பந்தோ, நாடகமோ, ரிசர்வ் படைப் பயிற்சியோ, எதுவானாலும் சரி. அதிலும் வேலை இருக்கிற பொறுப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். நாற்காலி அடுக்குகிறவர்களுக்குக் கிடைக்கும் கூட்டாளிகள் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குக் கிடைப்பதில்லை.

இனி, நம்மவர்கள் விஷயம்.

தமிழ் மாணவர்கள் பதிவு நாளுக்கு முன்பே வாட்சாப்பில் ஒன்றுசேர்ந்து விடுகிறார்கள். ‘அண்ணே, எந்த பிளாக்?’ ‘அக்கா, வாளி அங்கேயே கிடைக்குமா?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வந்து இறங்கியதும் பெட்டி தூக்க ஆள் கிடைக்கிறது. இது பெரிய பலம். மற்ற மொழிகளில் நாள் முழுக்கப் பேசிக் களைத்த நாக்கு இரவில் தமிழ் பேச ஆசைப்படுவது இயல்பு. வீட்டு ஞாபகத்தில் அழுகிற பையனுக்கு ‘டேய் மச்சான், வா சாப்ட போலாம்’ என்ற ஒரு வரி செய்கிற வேலையை எந்த ஆலோசனைக் கையேடும் செய்யாது.

அதே கூட்டம் முதல் மாதத்திலேயே மூடிக்கொள்வதுதான் தொல்லை. கேஃபேயில் ஒரே மேசை, பஸ்ஸில் ஒரே வரிசை, அசைன்மென்டில் ஒரே குழு. தமிழ்ப்பள்ளியில் படிக்காத, தமிழ் தடுமாறும் இந்திய மாணவர் அந்த மேசையில் உட்காரத் தயங்குகிறார். சீன, மலாய்ப் பக்கத்து அறைக்காரர்கள் கிட்டே வருவதில்லை. (அவர்களும் அவரவர் மேசையில் இப்படியேதான். இதில் எந்த இனமும் இன்னொன்றைக் குறைசொல்ல முடியாது.) அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் குலுக்கல்போல அறை ஒதுக்கப்பட்ட மாணவர்களைப் பற்றி 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், கறுப்பின அறைத்தோழர் அமைந்த வெள்ளையின மாணவர்கள் பிற்காலத்தில் பிற இனத்தவரோடு கூடுதலாகப் பழகியது தெரியவந்தது. டியூக் பல்கலைக்கழகம் 2018-ல் சேர்ந்தவர்களிலிருந்து முதலாண்டு மாணவர்கள் அறைத்தோழரைத் தாங்களே தேர்ந்தெடுப்பதை நிறுத்தியது. தெரிந்தவனோடுதான் தங்குவேன் என்று அடம்பிடிக்கும் முதலாண்டு மாணவருக்காக அலுவலகத்தில் சிபாரிசுக்கு நிற்கும் பெற்றோர் ஒரு நிமிடம் யோசிக்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தமிழ் மேசை இருக்கட்டும். காலை உணவுக்கு வராந்தாக்காரர்களோடு போனால் போதும், இரண்டும் தங்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுங்கை நிபோங் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் கூட்டாளி அமையாததற்கு இன்னொரு காரணம் கண்ணில் படும். முதுகில் பை, கையில் அழுக்குத்துணி மூட்டை, பஸ்ஸுக்கு வரிசை. சுங்கை பட்டாணி, கூலிம், தைப்பிங் பிள்ளைகளுக்கு வீடு பக்கம். வாரந்தோறும் போய், ஞாயிறு ராத்திரி டப்பாவில் கோழிக்கறியோடு திரும்புகிறார்கள். ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. அதனால் சனிக்கிழமை மூன்று பேராகச் சேர்ந்து மலர்த் தோட்டத்துப் பக்கம் மூன் கேட்டிலிருந்து பினாங்கு கொடிமலைக்கு ஏறுகிறார்கள், இல்லையென்றால் ரேப்பிட் பஸ் பிடித்துக் கொம்தாருக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் போகிறார்கள். 200 மணி நேரக் கணக்கு யாருக்கு முதலில் நிரம்பும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் ஆறு வாரத்தில் இரண்டு வாரக் கடைசியாவது விடுதியில் இருக்கச் சொல்வது பெற்றோர் செய்யக்கூடிய மிகச் சுலபமான உதவி. கோழிக்கறி எங்கேயும் போகாது.

இதற்கிடையில் தீபாவளி வந்துவிடும். சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். வீட்டுக்குப் போகக் கிடைத்தவர் போய்விட, மறுநாள் டெஸ்ட் என்று மாட்டிக்கொண்டவர் வெறிச்சோடிய பிளாக்கில் முறுக்கு இல்லாத தீபாவளியைக் கழிப்பார். அந்த ஒரு நாளுக்குச் சீனியர்கள் கட்டாயம் ஏதாவது செய்ய வேண்டும். ஜார்ஜ்டவுனில் 1833-ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் மகா மாரியம்மன் கோவிலுக்குக் காலையில் எல்லோரையும் கூட்டிப்போய், பக்கத்திலேயே வாழை இலைச் சாப்பாடு. பிறகு வீட்டிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பலகாரத்தை வராந்தாவில் பரப்பி, எல்லா அறைக்கும் திறந்த இல்ல உபசரிப்பு. முறுக்குத் தட்டோடு கதவைத் தட்டுகிறவரை யாரும் அந்நியராக நினைப்பதில்லை.

தைப்பூசம் ஜனவரி அல்லது பிப்ரவரியில். தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். பந்தலில் மோர் ஊற்றவும் குப்பை பொறுக்கவும் ஆள் எப்போதும் தேவை. விடுதிப் பிள்ளைகள் ஒரு குழுவாகப் போய் ஒரு ராத்திரி வேலை செய்தால் பல வாரப் பழக்கம் அந்த ஒரு ராத்திரியிலேயே கிடைக்கும். சீன, மலாய் அறைத்தோழர்களையும் கூப்பிடலாம். பார்க்க வேண்டும் என்று காத்திருப்பவர்கள் பலர், கூப்பிட ஆளில்லாமல் இருக்கிறார்கள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் சுலபமில்லை. அவர்கள் அறிய வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. எரிக்கா பூத்பியும் சகாக்களும் 2018-ல் வெளியிட்டது. புதிதாகப் பேசிப் பழகுகிறவர்கள், எதிரே இருப்பவர் தங்களை விரும்பிய அளவைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். விடுதியில் ஒன்றாகத் தங்கிய முதலாண்டு மாணவர்களிடம் இந்தத் தப்புக்கணக்கு மாதக்கணக்கில் நீடித்தது. ‘நான் பேசினது அவனுக்கு போரடிச்சிருக்கும்’ என்று ஒருவர் புரண்டு படுக்கும்போது, அடுத்த அறையில் இன்னொருவரும் அதையே நினைத்துப் புரண்டுகொண்டிருக்கிறார். கூச்சக்காரரை ‘வா, எல்லார் முன்னாடியும் ஒரு பாட்டு பாடு’ என்று இழுக்கும் ஃபாசி உதவி செய்யவில்லை. தட்டு எடுத்துவைக்கிற வேலை, போட்டோ எடுக்கிற வேலை, கணக்கு எழுதுகிற வேலை கொடுக்கட்டும். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். அப்படியும் ஒரே ஒரு கூட்டாளிதான் அமைந்தார் என்றால், அதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை.

கூச்சம் வேறு, ஒடுங்கிப்போவது வேறு. சாப்பாட்டுக்கு வராதது, வகுப்பைத் தொடர்ந்து விடுவது, பகல் முழுக்கத் தூக்கம், குளிக்காமல் இருப்பது, ‘நான் இல்லாட்டியும் ஒண்ணுமில்ல’ போன்ற பேச்சு தெரிந்தால் மாமாக் கடை மருந்து போதாது. பல்கலைக்கழக ஆலோசகரிடம் கூடவே நடந்து போக வேண்டும் (‘போய் பாரு’ என்று சொல்லி அனுப்பினால் போகமாட்டார்கள்). சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 இருக்கிறது, பினாங்கில் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பும் இருக்கிறது. அறைத்தோழர் இதை ரகசியமாக வைத்துக் காப்பாற்ற முயலாமல், பெங்காவாவிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் செமஸ்டரில் நிலைமை மாறுகிறது. குழுக்கள் அமைந்துவிட்டிருக்கும், புதிதாக நுழைவது முதல் மாதத்தைவிடக் கடினம். ஆனால் அந்த நேரத்தில்தான் முதல் செமஸ்டர்க் கூட்டணிகள் பல உடைகின்றன. கடன் வாங்கிய லேப்டாப் சார்ஜர், காதல், அசைன்மென்டில் வேலை செய்யாதது என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை. விட்டுப்போனவர்களுக்கு அது இரண்டாவது வாய்ப்பு. அப்போது புதிதாக வாராந்தரக் கூட்டம் ஒன்றை, ஒரு பூப்பந்து மாலையையோ படிப்புக் குழுவையோ, தொடங்கிவைக்கும் சீனியரும் மன்றமும் அறிமுக வாரத்தைவிட அதிகம் சாதிக்கிறார்கள். ஆண்டு முடிவில் அடுத்த வருஷ அறைக்கு விண்ணப்பம் போடும்போது, யாரோடு தங்குவது என்று மாணவர்கள் தங்களுக்குள் பேசி முடித்து வைத்திருப்பார்கள். அந்தப் பேச்சில் அலுவலகத்துக்கோ ஃபாசிக்கோ வேலை இல்லை.